மாடல் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ரிகோல் டிஎஸ்1054இசட், டிஎஸ்1104இசட் ஆசிலோஸ்கோப்புகள் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவிகள்). இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எண்ணிலேயே இருக்கிறது. முதல் இலக்கம் வரிசை, அடுத்த இரண்டும் பேண்ட்விட்த், அதாவது ஸ்கோப் எந்த அதிர்வெண் வரை காட்டும் என்ற எல்லை: 05 என்றால் 50 மெகாஹெர்ட்ஸ், 10 என்றால் 100. கடைசி 4, சேனல்களின் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை சிக்னலைப் பார்க்கலாம் என்பது. சிக்லென்ட் எஸ்டிஎஸ்1202எக்ஸ்-இ, டெக்ட்ரானிக்ஸ் டிபிஎஸ்1052பி இரண்டையும் இப்படியே படிக்கலாம்.

எண் சொல்லாதது இரண்டு. 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 50 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் உயரம் சுமார் 70 சதவீதமாகத்தான் தெரியும். சதுர அலையின் வடிவம் வேண்டுமானால் அதன் அதிர்வெண்ணைப் போல 5 மடங்காவது பேண்ட்விட்த் தேவை. அடுத்தது சாம்பிள் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை முறை அலையை அளக்கிறது என்பது. டிஎஸ்1054இசட்டில் ஒரு சேனல் ஓடும்போது நொடிக்கு 100 கோடி சாம்பிள். நான்கும் ஓடினால் சேனலுக்கு 25 கோடிதான். நான்கு சேனல் என்பதற்காகவே வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் முதலாவதுதான் பெரிதாக இருக்கும்.

கேள்வி: ஃப்ளூக் 87வி மல்டிமீட்டர் என்பதில் 'வி' வோல்ட்டா?

இல்லை, ரோமன் 5. ஐந்தாம் தலைமுறை 87.

கேள்வி: ஃப்ளூக் 17பி+, 117 இரண்டும் ஒரே குடும்பமா?

இல்லை. 117 ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்: அலை எந்த வடிவில் இருந்தாலும் அதன் உண்மையான பயன் மதிப்பை அளக்கும். 17பி+ சராசரியை அளந்து, அலை சுத்தமான சைன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. டிம்மர் போட்ட விளக்கில் அது தப்பாகக் காட்டும். கேட் III, கேட் IV (எந்த வகை மின் இணைப்பில் மீட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்பது) பாதுகாப்புத் தரமும் மாடல் எண்ணில் வராது. வயர் செருகும் ஜாக் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: பழைய 34401ஏ மீட்டர்கள் மூன்று பிராண்டு பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. எது அசல்?

மூன்றும். எச்பியின் அளவீட்டுப் பிரிவு 1999இல் அஜிலென்ட் ஆனது, 2014இல் கீசைட். பெயர்ப்பலகை மாறினாலும் அதே ஆறரை இலக்க மீட்டர்தான். பெயருக்காக அதிகம் கொடுக்காதீர்கள். கடைசியாக எப்போது கேலிபரேட் செய்தார்கள் (துல்லியத்தைச் சரிபார்த்தார்கள்) என்று கேளுங்கள்.

கேள்வி: கடைசியில் 'ஏ' இருந்தால் உயர்ந்த ரகமா?

கம்பெனியைப் பொறுத்தது. எச்பி மரபில் 'ஏ' முதல் வடிவம், பெரிய திருத்தம் வந்தால் 'பி': 8566ஏ பிறகு 8566பி ஆனது. ரிகோல் டிபி832ஏ பவர் சப்ளையிலோ, அந்த எழுத்து டிபி832ஐவிட நுணுக்கமான ரெசல்யூஷனைக் குறிக்கிறது. கோராட் கேஏ3005டி (D), கேஏ3005பி (P) பவர் சப்ளைகள் இரண்டும் 30 வோல்ட், 5 ஆம்பியர்தான். கணினியோடு இணைக்க வேண்டுமென்றால் 'பி' வாங்குங்கள். 'டி'யில் அந்த வசதி கிடையாது.