டர்போ (எக்சாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் கருவி) நீலப்புகை விடுகிறது. பிரித்துத் தேய்ந்ததை மாற்றி ரீபில்ட் செய்வதா, பெரிய டர்போ போடுவதா?

"எப்படியும் டர்போ போச்சு, இதுதான் சாக்கு, பெரிசாகப் போட்டுவிடு" என்று யாரோ உங்களை உசுப்பேற்றியிருப்பார்கள். என்னையும் ஏற்றினார்கள்.

என்னுடையது நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர், இரட்டை டர்போ. ஐடிலில் நின்றாலே பின்னால் நீலப்புகை வரும். ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததும் "சீல் போச்சு" என்றார்கள். டர்போவின் நடு அச்சான ஷாஃப்டில் ரப்பர் சீல் எல்லாம் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய ரிங்தான். உள்ளே வரும் ஆயில் தேங்காமல் வடிந்துகொண்டே இருந்தால்தான் அது தாங்கும். நானே கழற்றினேன். பின்பக்க டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப் வாயில் சிலிக்கான் பசை பிதுங்கி வழியை அடைத்திருந்தது. முன்பு மாட்டியவர்களின் கைவண்ணம்! இறங்க வழியில்லாத ஆயில் எக்சாஸ்ட் பக்கம் போய் எரிந்திருக்கிறது.

டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவுமானி) வைத்துப் பார்த்தேன், பேரிங் நன்றாகவே இருந்தது. ஜர்னல் பேரிங் டர்போவில் ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதந்து சுற்றுவதால் பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும். அதை விரலால் ஆட்டிப் பார்த்தே தீர்ப்புச் சொல்பவர்கள் அதிகம். முன்பின்னாகக் கைக்குத் தெரிகிற அளவு நகர்ந்தால்தான் கவலை.

பிரித்தது பிரித்தாயிற்று என்று எக்சாஸ்ட் பக்கம் சுற்றும் டர்பைன் வீலை மாத்திரம் மாற்றினேன். அந்தக் காரில் வருவது செராமிக் வீல். எடை குறைவு, சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டினால் ஷாஃப்டிலிருந்து கழன்று தெறிக்கக்கூடியது. நிசானே பந்தயத்துக்கான என்1 வகையில் ஸ்டீல் வீல்தான் வைத்தது. நானும் ஸ்டீலுக்கு மாறினேன். செராமிக்கே மோசம் என்று சொல்லவில்லை, கம்பெனி பூஸ்டிலேயே ஓட்டுபவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பெரிய டர்போ போட்டிருந்தால் இன்ஜெக்டர், காரின் பெட்ரோல் பம்ப், ஈசியூ மேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பு) எல்லாவற்றையும் மாற்றும் வேலை வரிசையில் வந்து நிற்கும். போதாததற்குக் கீழ் ஆர்பிஎம்மில் வண்டி மந்தமாகிவிடும். "மொத்தம் எத்தனை குதிரை?" என்று கேட்பவர்களுக்காக நான் கார் ஓட்டவில்லை.

ரீபில்ட் கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) வாங்கி நீங்களே பிரிப்பதானால், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் வீல், நட், ஷாஃப்ட் மூன்றும் எந்த நிலையில் இருந்தன என்று முதலில் குறியிட்டுவிடுங்கள். வீலை மாற்றினால் பேலன்சிங் மெஷினில் ஏற்றாமல் மாட்டவே மாட்டாதீர்கள். நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் போகிற பொருள் அது. மாட்டியதும் டர்போவுக்குள் ஆயில் வரும் ஃபீட் துளையில் ஆயில் ஊற்றி, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அப்புறம்தான் ஸ்டார்ட்.

ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் ரிட்டர்ன் பைப்பையும் கிராங்க்கேஸ் பிரீதரையும் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) கழற்றிப் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்து, ஷாஃப்டும் முன்பின்னாக நகர்ந்தால் கிட் தேடுங்கள்.