ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் மோடு எதற்கு? பாபநாசம் மலை இறங்கியபோது எனக்குப் புரிந்தது

கேள்வி இதுதான்: "ஆட்டோமேட்டிக் காரில் 'எம்' என்று ஒரு மேனுவல் மோடு இருக்கிறதே, அதை எப்போது போட வேண்டும்? அடிக்கடி போட்டால் கியர்பாக்ஸ் கெட்டுவிடுமா?"

கெடாது. எப்போது என்பதற்குத்தான் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பாளையங்கோட்டைக்காரன். வண்டி, ஏ.எம்.டி. (கிளட்சை மிஷினே மிதிக்கிற ஆட்டோமேட்டிக்) வகைச் சின்ன கார். வாங்கி ஒன்றரை வருடம் அந்த எம் பக்கம் லீவரைத் தள்ளியதே இல்லை. வண்ணார்பேட்டை நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி வலித்துத்தான் ஆட்டோமேட்டிக்குக்கே போனேன். அதிலும் நானே கியர் மாற்றுவதாவது!

ஒரு தை மாதம் குடும்பத்தோடு, திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் மலைமேல் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனோம். மாமா, அத்தை, மனைவி, பையன், நான். டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, தேங்காய், விறகு. பாபநாசம் சாவடியில் வனத்துறைக்காரர்கள் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பைகளைக் கிளறிப் பார்த்து விட்டார்கள். ஏற்றத்திலேயே வண்டி தடுமாற ஆரம்பித்தது. மூன்றாவது கியர் போடும், இழுக்காது, இரண்டுக்கு வரும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி மூன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து பேர் தலையும் முன்னே போய்ப் பின்னே வந்தது. "என்ன மாப்ள, கோயிலுக்குப் போறதுக்கு முன்னாலயே வண்டிக்குச் சாமி வந்துட்டு?" என்றார் அத்தை. அப்போதும் எனக்கு எம் ஞாபகம் வரவில்லை.

இறக்கத்தில்தான் வினை. டி-யில் (வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் வழக்கமான மோடு) விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கால் எடுத்தால் வண்டிக்கு என்ன தெரியும்? 'இவனுக்கு இனி இழுவை வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு மூன்று, நான்கு என்று மேலே போய்விட்டது. நான்காவது கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்காது. வேகம் கூடும், பிரேக் மிதிப்பேன், குறையும், விட்டதும் மறுபடி கூடும். கடைசியில் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்கிக்கொண்டிருந்தேன். சாவடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கருகிய வாடை. காட்டில் யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை அதிகமாக உள்ளே போனது. வயிற்றில் புளி கரைத்தது.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனால் இட்லிக் கொப்பரையைத் திறந்தது மாதிரி அனல். மாமா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும், சமயத்தில் கீறலும் விழும், நல்லவேளை தடுத்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகளுக்கு எங்களை வேடிக்கை பார்ப்பதே வேலையாக அரை மணி நேரம் போனது. அந்தக் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்குத் தோல் செருப்புக் காணிக்கை கொடுப்பார்கள், தெரியுமல்லவா? நாங்களும் ஒரு ஜோடி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செருப்பு பத்தலன்னு உங்க பிரேக் சூவையும் எடுத்துக்கிட்டாரு போல மாப்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது.

மறுநாள் எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைக் கையில் கொடுத்தார். கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "எந்த கியர்ல ஏறுனியளோ அதே கியர்லதான் எறங்கணும். லாரிக்காரன் எல்லாத்துக்கும் தெரியும்லா. ஆட்டோமேட்டிக் வாங்குனா மலை மாறிருமா?" அவர் சொன்னது அவ்வளவுதான். பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னார். அந்த ஆயில் வருடக்கணக்கில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் ஏற ஏற குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; கொதித்தால் உள்ளே குமிழ் விடும்; அப்போது எவ்வளவு மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குமே தவிர வண்டி நிற்காது. என் பெடல் இறங்கியதற்குக் காரணம் அதுதான் என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தெரிவது வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்கிற மாதிரி விவரங்கள்தான். எல்லாம் அந்த நொடியில் நடப்பவை. முன்னால் இறக்கம் வருகிறது, டிராக்டர் போகிறது, அதற்கு அப்பால் பாதை காலியாக இருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததை வண்டிக்குச் சொல்ல இருக்கும் வழி என்றே நான் எம்மை இப்போது நினைக்கிறேன். பந்தய வண்டி ஓட்டுகிற சந்தோஷத்துக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டு நாளில் அலுத்துவிடும்.

இப்போது அதே மலையில், இறக்கம் தொடங்கும் முன்பே எம்முக்குத் தள்ளி இரண்டாவது கியரில் வைத்துவிடுகிறேன். காலை எடுத்தாலும் முப்பது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வண்டி தானாகவே கட்டுப்பட்டு இறங்குகிறது. இன்ஜின் கொஞ்சம் உறுமும், இன்ஜின் சுற்று காட்டும் முள் இரண்டாயிரத்துக்கு மேலே நிற்கும். முதலில் பயமாக இருக்கும். அந்தச் சத்தத்தால் ஒன்றும் ஆகாது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை நன்றாக ஒருமுறை மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் பேடைத் தின்கிறது. ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கதி: வேகம் ரொம்பக் குறைந்து நிற்கிற நிலைக்கு வந்தால் அது தானாகக் கிளட்சைப் பிரித்துவிடும். அந்த நேரம் இன்ஜின் பிடிமானமும் போய்விடும், பிரேக்கை நம்பித்தான் இருக்க வேண்டும்.

பெட்ரோல் வீணாகுமே என்று கேட்பார்கள். எங்கள் மாமா கட்சியே அதுதான்: இறக்கத்தில் நியூட்ரல், மிச்சம் பெட்ரோல். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், சுற்று ஒரு அளவுக்கு மேல் இருக்கும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க அதற்குத் தீனி போட வேண்டும். சாவியை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு. பிரேக் மிதிப்பதை லேசாக்குகிற பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கூடவே போய்விடும் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் தலையாட்டம் நிற்பதற்கும் இதே வைத்தியம்தான், இரண்டில் பூட்டிவிடுவது.

சமவெளியில் எனக்கு எம் பயன்படுவது முந்தும்போது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழி ரோட்டில் அறுவடை சமயத்தில் போயிருக்கிறீர்களா? ரோட்டையே அடைத்துக்கொண்டு வைக்கோல் டிராக்டர் போகும். டி-யில் இருந்தபடி வலது பக்கம் எடுத்துவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஏ.எம்.டி. கிளட்சைப் பிரித்து, கியரைக் குறைத்து, மறுபடி கிளட்சைச் சேர்க்கும். அதற்கு ஆகும் ஒரு நொடியில் நீங்கள் எதிர் வண்டிக்காரன் பாதையில் இழுவையே இல்லாமல் மிதந்துகொண்டிருப்பீர்கள். ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மிஷின் போடுகிறது என்பது மட்டுமே வித்தியாசம். அந்த மிஷினுக்கும் நேரம் வேண்டாமா? அதனால் டிராக்டருக்குப் பின்னால் இருக்கும்போதே எம்மில் ஒரு கியர் குறைத்துக்கொள்கிறேன். பாதை தெரிந்ததும் எடுத்தால் உடனே பாய்கிறது.

மற்ற வகைகள் பற்றிச் சுருக்கமாக: டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவை போகிற வகை) வண்டியில் மாற்றம் வழுக்கிக்கொண்டு நடக்கும், முந்தும்போது எம் அவ்வளவு தேவைப்படாது, இறக்கத்தில் தேவை. சி.வி.டி.யில் (பெல்ட்டில் ஓடுகிற வகை) நிஜமான கியர் படிகளே கிடையாது, கியர் ஏற்ற பிளஸ், குறைக்க மைனஸ் என்று காட்டுவதெல்லாம் பாவனைப் படிகள். ஆனால் மைனஸ் தட்டினால் இன்ஜின் சுற்று ஏறி வண்டியைப் பிடிக்கும் என்பதால் மலைக்கு அதுவும் உதவும். சிலவற்றில் எம்முக்குப் பதில் 'எல்' (லோ, அதாவது கீழ் கியர்) இருக்கும்.

உதவாத இடம்? திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் அடைத்து நிற்கும்போது எம் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், ஏ.எம்.டி. கிளட்ச் எரிவது அப்படித்தான். ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

கெடுமா என்ற பயத்துக்கு: எண்பதில் போகும்போது முதல் கியர் கேட்டுப் பாருங்கள், தராது. வெறுமனே 'பீப்' அடிக்கும். வேகம் குறைந்தால் எம்மிலேயே அதுவாகக் கீழ் கியருக்கு வந்துவிடும். சுற்று எல்லைக்கு வந்தால் பல வண்டிகள் தானே மேலே மாற்றும், சில மாற்றாமல் அங்கேயே திணறும். முட்டாள்தனம் செய்ய வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். நான் செய்த ஒரே முட்டாள்தனம், முந்திவிட்டு டி-க்குத் திரும்ப மறந்தது. மூன்றாவது கியரிலேயே பத்தமடை வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். பாட்டுச் சத்தத்தை நான் இரண்டு தடவை கூட்டி வைத்த பிறகு, "இன்ஜின் ஏன் இப்படிக் கத்துது?" என்று மனைவிதான் கேட்டாள்.

இன்னொன்று. லீவரை முன்னால் தள்ளினால் சில வண்டியில் பிளஸ், சில வண்டியில் மைனஸ். மலையில் போய்த் தேடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி ரோட்டில் பத்துத் தடவை மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருடமும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் வந்தோம். திரும்பும்போது மாமா முன்சீட்டில். இறக்கம் வருவதற்கு முன்பே அவர் கை லீவர் பக்கம் வந்துவிட்டது: "மாப்ள, ரெண்டுல போட்டாச்சா?"