ஆகாயத்தாமரைக்கு அடிக்கும் களைக்கொல்லி மீனைக் கொல்லுமா?

புதுச்சேரியில் பாகூர் ஏரி, ஊசுடு ஏரிப் பக்கம் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. களைக்கொல்லி என்பது செடியைக் கொல்லும் மருந்து. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உதாரணமாக எடுத்துக்கொண்டால், செடி புரதத்துக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் வழியை அது அடைத்துவிடும். அந்த வழி மீனுக்கும் நமக்கும் கிடையாது. அதற்காகக் குடித்துப் பார்க்க முடியாது! இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள்களில் சில, மீனுக்கும் தவளைக்கும் மருந்தைவிட மோசம். வயலுக்கு வாங்கியதை ஏரியில் அடிக்கக் கூடாது என்பது அதனால்தான்.

சரி, பெரிய ஆபத்து அதற்கு அப்புறம் வருகிறது. செத்த செடி அழுகும்போது நுண்ணுயிரிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே ஊர் மொத்தமும் உட்கார்ந்தால், கடைசியில் வந்தவருக்குச் சோறு இருக்குமா? மீனின் கதி அதுதான். எனவே இடைவெளி விட்டு, பகுதி பகுதியாகத்தான் அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முடிந்தவரை வாரிக் கரையில் போடுவதே நல்லது.

மருந்தடித்த மறுநாள் மீன் மிதக்கவில்லை என்றால் தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். செடி அழுகத் தொடங்கவே பல நாள் ஆகும்.