டீசல் லொறியின் டைமிங்கை முன்னுக்கு எடுத்தால் இழுவை கூடுமா?

கேள்வி: செங்கலடியில் இருந்து பதுளை வீதியால் பசறைக்கு அரிசி ஏற்றுகிறேன். பழைய இசுசு எல்ஃப், ரோட்டரி டீசல் பம்ப். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் லொறி ஊர்ந்துதான் போகிறது. டைமிங்கைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்தால் இழுவை கூடும் என்கிறார் கராஜ் பாஸ். செய்யலாமா ஐயா?

பதில்: இப்போதைக்குப் பம்பில் கை வைக்க விடாதீர்கள் தம்பி.

உங்கள் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. அமுங்கிச் சூடேறிய காற்றுக்குள் பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றுகிறது. ஆகவே பம்ப் எப்போது பீச்சத் தொடங்குகிறது என்பதுதான் இங்கே டைமிங். பீச்சிய கணமே டீசல் பற்றாது. ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன் எடுக்கும். 2000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, 12 பாகை திரும்பிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பீச்சத் தொடங்குகிறார்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கும் வேளையில் அழுத்தம் முழுதாக வந்தால்தான் அது இழுவையாக மாறும்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆர்பிஎம் 1200க்கு விழுந்தால் அதே ஒரு மில்லி செக்கனில் கிராங்க் 7 பாகைதான் திரும்பும். அதாவது சுமையோடு மெதுவாக ஏறும்போது டைமிங் குறைவாகத்தான் முன்னுக்கு இருக்கவேண்டும். வேகத்துக்கேற்ப இதைக் கூட்டிக் குறைக்கவே பம்புக்குள் ஒரு டைமர் இருக்கிறது. அதற்கு மேல் நீங்களும் முன்னுக்குத் தள்ளினால், ஏறிவரும் பிஸ்டனை எரியும் டீசலே எதிர்த்து அடிக்கும். 'டக் டக்' என்று கேட்கும் அந்தச் சத்தத்தை இழுவை என்று நம்பி ஓடி, ஹெட் கேஸ்கட் எரிந்து வந்த லொறிகளைப் பார்த்திருக்கிறேன். பெயாரிங்கும் பிஸ்டனும் அதோடு போகும்.

முதலில் எயார் ஃபில்டரைக் கழற்றுங்கள். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் நம் பக்கத்து வயல் வீதிகளில் ஓடிய லொறியின் ஃபில்டரில் பதரும் தூசியும் அப்பிப்போயிருக்கும். காற்றுக் குறைந்தால் கறுப்புப் புகைதான் வரும், இழுவை வராது. அடுத்து டீசல் ஃபில்டர். பிறகு டீசலைப் பீச்சும் நாலு நொசிலையும் கழற்றி டெஸ்டரில் போட்டு, அழுத்தமும் தூவலும் சரிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். நொசில் ஒழுகினால் எந்த டைமிங்கும் உதவாது. வால்வுகளின் டெப்பட் இடைவெளியையும் விட்டுவிடாதீர்கள். மலிவு என்று மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ரோட்டரி பம்பின் உள்பாகங்களுக்கு மசகு கொடுப்பதே டீசல்தான்.

இவ்வளவுக்கும் பிறகு காலையில் குளிர் எஞ்சினில் வெள்ளைப் புகை நீண்டநேரம் வந்தால், ஏற்றத்தில் எஞ்சின் அளவுக்குமீறிச் சூடானால், டைமிங் பின்தங்கியிருக்கலாம். அப்போதும் காதால் கேட்டு வைக்கக் கூடாது. முதலாம் சிலிண்டரைக் கம்பிரஷன் உச்சியில் நிறுத்தி, பம்பில் டயல் கேஜ் பூட்டி, உங்கள் எஞ்சின் மாடலுக்குக் கம்பனிப் புத்தகம் சொல்லும் அளவுக்கு வைக்கவேண்டும். நட்டைத் தளர்த்துமுன் பம்ப் இருந்த இடத்தில் ஒரு கோடு கீறிவையுங்கள். கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதிதான் பம்ப் சுற்றுகிறது; பம்பை ஒரு பாகை திருப்பினால் கிராங்கில் இரண்டு பாகை மாறிவிடும்.

பம்பில் டீசல் அளவை வைக்கும் ஸ்குரூவைக் கூட்டும் வேலைக்கும் சம்மதிக்காதீர்கள். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கறுப்புப் புகையாகிப் புகைப் பரிசோதனையில் மாட்டவைக்கும், பிஸ்டனையும் வேகவைக்கும்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும்: இழுவை திடீரென்று குறைந்ததா? கிராங்கையும் பம்பையும் இணைக்கும் டைமிங் கியரைக் கழற்றிப் பூட்டிய வேலைக்குப் பிறகுதான் குறைந்ததென்றால் பாஸின் சந்தேகம் நியாயமானது. அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன்னர் கியர்களின் அடையாளப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.