துண்டு மரத்தில் வில்: கேள்வியும் பதிலும்

பட்டறையில் மிஞ்சும் மரத்துண்டுகளில் வில் செய்து பார்க்க விரும்பும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். கிளிநொச்சியில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன், வில்லும் செய்கிறேன். இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், எய்பவரைப் பார்க்கும் பக்கத்தை வயிறு என்றும் எழுதுகிறேன். வளைக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நெரிபடும்.

ஒட்டுசுட்டான்: அண்ணை, கதவுநிலை செய்து மிஞ்சிய முதிரைத் துண்டுகள் கிடக்கின்றன. நாலடிக்கு மேல் ஒன்றும் இல்லை. வில் வருமா?

வரும் தம்பி. மூன்றடித் துண்டு இரண்டு போதும். ஒன்றின் முனையை மீன்வாலாக வெட்டி, மற்றதில் அது இறுக்கமாக இறங்கும்படி நாலு அங்குல ஆழத்துக்குப் பொருத்துங்கள். மொத்தம் 68 அங்குலம் வரும். 28 அங்குலம் இழுக்கிற ஆளுக்கு அது காணும். பொருத்து பிடிக்குள் இருக்க வேண்டும், பிடி வளையவே கூடாது. ஒரே பலகையில் அடுத்தடுத்து அறுத்த துண்டுகள் என்றால் பிடிக்கு இரு பக்கமும் உள்ள வில்லின் கைகள் ஒரே மாதிரி வளையும்.

முதிரையில் நார் ஓரடுக்கில் இடமும் அடுத்ததில் வலமுமாகப் பின்னி ஓடும். கதவுக்கு அது அழகு, வில்லின் முதுகுக்கு ஆபத்து. முதிரையை வயிற்றுக்கு வைத்து முதுகுக்கு மூங்கில் ஒட்டுங்கள். அப்புறம், முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும். முகமூடி போட்டு, முழுக்கைச் சட்டையோடு தேயுங்கள்.

மாங்குளம்: பாலை, தேக்கு, வேம்பு, விண்ணாங்கு எல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. எது நல்லது?

மரத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரே மரத்திலேயே ஒரு பலகை வில்லாகும், மற்றது படீரென்று போகும். துண்டுகளின் உண்மையான பயன் இந்தச் சோதனைதான்.

ஒவ்வொன்றிலும் அரை அங்குலச் சதுரத்தில் இரண்டடிச் சட்டம் சீவுங்கள். ஆறு அங்குலத்தை வைஸில் இறுக்கி, பதினெட்டு அங்குலத்தை வெளியே நீட்ட விடுங்கள். முனையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டி, எவ்வளவு தாழ்கிறது என்று சுவரில் கோடு போடுங்கள். குறையத் தாழ்வது விறைப்பான மரம். போத்தலை எடுத்துவிட்டுக் கையால் இரண்டு அங்குலம், மூன்று, நாலு என்று அழுத்தி, ஒவ்வொரு முறையும் விட்டுப் பாருங்கள். எந்த அங்குலத்தில் சட்டம் பாரமில்லாமல் முதலில் நின்ற இடத்துக்குத் திரும்பாமல் நிற்கிறதோ அதுதான் அந்த மரத்தின் எல்லை. வயிற்றுப் பக்கம், அதாவது சட்டத்தின் கீழ்ப்பக்கம், குறுக்கே மயிரிழைபோல் கோடு விழுந்தால் நார் நெரிந்துவிட்டது. முதுகில் சிலாம்பு எழும்பினால் நார் விளிம்பால் வெளியே ஓடியிருக்கிறது. உடைகிற வரைக்கும் போங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. உடைந்த துண்டில் பெயரையும் அங்குலத்தையும் எழுதி வைத்திருந்தால் அடுத்த வில்லுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

முல்லைத்தீவு: பழைய வீட்டுக் கூரையில் கழற்றிய பனஞ்சலாகை பாவிக்கலாமா அண்ணை?

நான் மிகவும் விரும்புகிற மரம் அது. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது, கறுத்த நார்கள்தான் பலம். அவை மரத்தின் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக ஐதாகவும் இருக்கும். ஆகவே வெளிப்பக்கம் முதுகுக்கு வரட்டும்; உள்ளே மென்மையான சோற்றிப் பகுதியைச் சீவி எறியுங்கள். ஆணி அடித்த ஓட்டை இருக்கும் சலாகை வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மிடத்து மரங்களுக்குள் செல் துண்டும் சன்னமும் இன்னும் கிடக்கின்றன. 2009இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் வாள்பல் உடைகிறது. அறுக்க முன் வலுவான காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஆழத்தில் கிடப்பதும் செம்பும் பித்தளையும் காந்தத்துக்குத் தெரியாது. நீலமோ கறுப்போ கறை படிந்த இடத்தில் வாளை வைக்காதீர்கள்.

வவுனியா: மூங்கில் ஒட்ட எந்தப் பசை? கிளாம்ப் அதிகம் இல்லை.

இரண்டு குழாய் கலக்கிற எபொக்சி எடுங்கள் தங்கச்சி. வெள்ளைப் பசை பாரத்தில் மெல்ல இழுபட்டு நகரும். முதிரை, தேக்கு இரண்டிலும் எண்ணெய்த்தன்மை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசற்றோன் தொட்டுத் துடைக்க வேண்டும். மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மழுப்பாமல் இரும்பறுக்கும் வாள் அலகால் நீளவாக்கில் கீறிவிடுங்கள். மூங்கிலின் வெளித்தோலில் உளி படக்கூடாது. கிளாம்புக்குப் பதில் பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி, முனை முதல் முனை வரை இழுத்துச் சுற்றுங்கள். அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழும்.

புதுக்குடியிருப்பு: மாரியில் செய்யலாமா?

ஒட்டுகிற வேலையை மாரியில் வேண்டாம், சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்துக்கு வையுங்கள். துண்டை நிழலில் வைத்து, சமையல் தராசில் அடிக்கடி நிறுங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

நெடுங்கேணி: இதைக் கொண்டு மான் சுடலாமா?

கூடாது. மானும் மரையும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. வைக்கோலை இறுக்கிக் கட்டி அதில் எய்யுங்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவும் வேண்டாம், அந்த விசை வில்லிலேயே இறங்கி அதை உடைக்கும்.

மன்னார்: பெருவிரல் அளவுத் துண்டுகளையும் எறியாமல் வைத்திருக்கிறேன். பயன் உண்டா?

கருங்காலியோ பாலையோ என்றால் வில்முனைக்கு ஒட்டுங்கள். மெல்லிய நாண் மென்மரத்தை வெட்டிக்கொண்டு இறங்கும், வைரமான துண்டு அதைத் தாங்கும். ஒட்டிக் காய்ந்த பிறகு வட்ட அரத்தால் நாண் மாட்டும் பள்ளமான காடியைச் சரிவாக எடுங்கள். காடி ஒட்டிய துண்டுக்குள்ளேயே நிற்கட்டும், அடியிலுள்ள மூங்கிலைத் தொடக்கூடாது.