பவுடரை விட்டுவிட்டு, சாம்பார் ரசத்தோடு எடை குறையுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. இரண்டு பிள்ளைகள். பள்ளி அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், போன வருடம் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பவுடரைக் கரைத்துக் குடித்தேன். கூடவே ஒரு மூலிகை மாத்திரையும் கொடுத்தார்கள். மாதம் 7,000 ரூபாய் ஆனது. மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தேன். நிறுத்திய ஆறே மாதத்தில் 8 கிலோ ஏறிவிட்டது. முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இப்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 5.9 என்று வந்திருக்கிறது. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மறுபடியும் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். சோற்றைத் தொட்டால் எடை குறையாது என்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் வைக்கிற சாம்பார், ரசம், சோற்றைச் சாப்பிட்டே எடையைக் குறைக்க முடியாதா டாக்டர்? பாதி டப்பா மீதி இருக்கிறது, அதையாவது முடித்துவிடட்டுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும் அம்மா. உங்களுக்கு அதுதான் சரியான வழி என்றும் நினைக்கிறேன். ஆனால் வீட்டுச் சாப்பாடு என்பதாலேயே எடை குறைந்துவிடாது. இந்த 74 கிலோவில் பெரும்பகுதி வீட்டுச் சாப்பாட்டில் வந்ததுதானே? அதனால் எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டியதில்லை என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 6 கிலோ எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். இந்த மாதிரிப் பவுடர்களில் ஒரு வேளைக்கு 200, 250 கலோரிதான் இருக்கும். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் குடித்தால் உடம்புக்குப் போகிற கலோரி சட்டென்று இறங்குகிறது, எடையும் இறங்குகிறது. மற்றபடி அதில் அதிசயம் எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரத்தில் குறைவதில் கணிசமான பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது, அதோடு ஒட்டியிருந்த நீரும் வெளியேறும். பழையபடி சாப்பிட்டதும் அந்த நீர் திரும்பி வந்துவிடும். முடி கொட்டியதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எடை வேகமாகக் குறைந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும், பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பதில் பானம் கொடுக்கிற முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்ற ஆய்வில், டாக்டர் மேற்பார்வையில் சில மாதங்கள் இப்படிக் கொடுத்து, சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்து மாத்திரை இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலைக்கு வந்தார்கள். 2017இல் வெளியான முடிவு அது. ஆனால் அங்கே பானத்தை நிறுத்திய பிறகு, சாதாரண சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே தனியாகச் சில வாரங்களை ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகும் மாதாமாதம் பார்த்துக்கொண்டார்கள். உங்களுக்கு டப்பாவை விற்றவர் இந்தப் பகுதியைச் சொல்லித்தரவே இல்லை. மூன்று மாதம் சமையலறையில் ஒன்றும் மாறவில்லை. குழம்புக்கு ஊற்றிய எண்ணெயும் அதேதான், தட்டில் விழுந்த சோறும் அதேதான். நீங்கள் மட்டும் அந்தத் தட்டை விட்டு விலகி நின்றீர்கள். திரும்பி வந்தபோது எல்லாம் பழையபடியே காத்திருந்தது.

ஆகவே இந்த முறை தட்டையே கொஞ்சம் மாற்றுவோம்.

நம் வீட்டு மதியச் சாப்பாடு மூன்று சுற்று: சாம்பார் சோறு, ரசம் சோறு, தயிர் சோறு. என்னிடம் வருகிற ஓர் அம்மா, “நான் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன் டாக்டர்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். ஒருநாள் வீட்டுத் தராசில் ஒவ்வொரு சுற்றுச் சோற்றையும் நிறுத்துப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். மூன்றும் சேர்த்து 460 கிராம். வடித்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அப்படியென்றால் வெறும் சோறே கிட்டத்தட்ட 600 கலோரி. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம்தான், ஆனால் மூன்று கொஞ்சம்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சாம்பாரையும் விட வேண்டாம், ரசத்தையும் விட வேண்டாம், தயிரையும் விட வேண்டாம். சோற்றை மட்டும் ஒரே சுற்றாக்குங்கள், அதிகம் போனால் 200 கிராம். உட்கார்ந்ததும் முதலில் ஒரு கிண்ணம் நிறையப் பொரியலோ கூட்டோ சாப்பிடுங்கள். அப்புறம் சாம்பார் சோறு, அதில் காய் நிறைய இருக்கட்டும். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். தயிரை மோராக்கி, கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டுக் குடியுங்கள். மூன்று ருசியும் நாக்குக்குக் கிடைத்துவிடும். குறைவது சோறுதான். காய் என்றால் அவரை, புடலை, சுரை, பீர்க்கங்காய், வெண்பூசணி, வாழைத்தண்டு, வாழைப்பூ, கீரை இவை. உருளைக்கிழங்கு வறுவலையும் சேனையையும் காய்க்கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றுக்கணக்கு.

அடுத்தது பருப்பு. நாம் சாம்பார் வைப்பதால் நிறையப் பருப்பு சாப்பிடுகிறோம் என்று நினைக்கிறோம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால், மொத்தப் புரதம் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை கிராம்தான் தேறும். எடை குறையும்போது புரதம் போதாமல் போனால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், பசியும் அடங்காது. அதனால் ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கட்டும். கூட்டில் பாசிப்பருப்பைக் கூடுதலாகப் போடுங்கள். இரவு தோசைக்குப் பதில் வாரம் இரண்டு நாள் அடை வார்த்துச் சாப்பிடுங்கள், அரிசியும் பருப்பும் சம அளவு இருக்கட்டும். அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் நெத்திலி, மத்தி குழம்பு வையுங்கள், வறுக்க வேண்டாம். முட்டையை அவித்துச் சாப்பிடலாம், ஒன்றில் 6 கிராம் புரதம் கிடைக்கும். 

எண்ணெய்க்கு வருகிறேன். இதைத்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தாளிக்கும்போது டப்பாவைச் சாய்த்துக் கண் அளவில் ஊற்றுகிறோம். நான்கு பேர் இருக்கிற வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 38 கிராம் போகிறது, 340 கலோரிக்கும் மேல். 3 லிட்டரில் முடித்தால் அது 23 கிராமாக இறங்கும். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 கலோரி மிச்சம். மாதக் கணக்கில் அரைக்கிலோக் கொழுப்புக்குச் சமம். இதற்காக நீங்கள் ஒரு வாய் சோறுகூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செய்ய வேண்டியது இதுதான்: மாத முதல் தேதி 3 லிட்டரை வாங்கித் தனியாக வையுங்கள், அது தீரும் வரை வேறு வாங்காதீர்கள். சமைக்கும்போது டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் 45 கலோரி. இட்லிப் பொடிக்குக் குழைக்கிற நல்லெண்ணெயும் இந்தக் கணக்கில்தான் வரும். செக்கில் ஆட்டினாலும் கலோரி அதேதான்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் அலுவலக வேலை என்பதால் கேட்கிறேன்: நான்கு மணிக்குக் காபியோடு என்ன சாப்பிடுகிறீர்கள்? ‘டைஜஸ்டிவ்’, ‘மல்டிகிரெய்ன்’ என்று போட்ட பிஸ்கட்டை உடம்புக்கு நல்லது என்று நம்பி நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அந்த வகையில் நான்கு பிஸ்கட் சுமார் 280 கலோரி. நான்கு இட்லியும் ஏறக்குறைய அவ்வளவுதான். இட்லி நான்கு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். பிஸ்கட் நான்கு எங்கே போனது என்றே தெரியாது. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள், எது அதிகமோ அதுதான் முதலில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டுகளில் முதலில் இருப்பது கோதுமை மாவோ மைதாவோ, அடுத்தடுத்து எண்ணெயும் சர்க்கரையும். அதற்குப் பதில் முந்தைய நாள் ஊறவைத்த கொண்டைக்கடலையையோ பாசிப்பயற்றையோ சுண்டலாக்கி, ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப்போங்கள். காபியில் சர்க்கரையை வாரம் அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். செயற்கை இனிப்புக்கு மாற வேண்டாம். எடையைக் கட்டுப்படுத்த அதை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

பாக்கெட் உணவைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாராகும் உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத பொருள்களில் சமைத்த உணவும் கொடுத்தது. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆலை உணவில் ஒருநாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். சமைத்த உணவில் அதே அளவு இறங்கினார்கள். 2019இல் வந்த ஆய்வு. மென்று சாப்பிட நேரம் எடுக்கிற உணவில், வயிறு முட்டுவதற்கு முன்பே போதும் என்று தோன்றிவிடுகிறது என்பதை நான் என் நோயாளிகளிடமும் பார்க்கிறேன்.

சிறுதானியம் பற்றி எல்லோரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினை, சாமை, வரகில் நார்ச்சத்து அரிசியைவிட அதிகம், நல்லதுதான். ஆனால் கலோரி ஏறக்குறைய அரிசி அளவுதான். அதே அளவுக் கட்டுப்பாடு அதற்கும் வேண்டும்.

இன்னொன்று, தாய்மார்களிடம் மட்டும் கேட்கிற கேள்வி. பிள்ளைகள் வைத்த மிச்சம் யார் வயிற்றுக்குப் போகிறது? பாதி தோசை, இரண்டு வாய் தயிர்சோறு, பால் டம்ளரின் அடியில் இருப்பது. வீணாகக் கூடாதே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வீர்கள், அதைச் சாப்பாடாகவே எண்ணமாட்டீர்கள். அவர்களுக்கு முதலிலேயே குறைவாகப் போடுங்கள், கேட்டால் இன்னொரு முறை போடலாம். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். போன வருடம் மூன்று மாதம், அம்மா தனியாக எதையோ கரைத்துக் குடிப்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். இப்போது எல்லோர் தட்டிலும் ஒரே சாப்பாடு என்றால், சர்க்கரை நோய் வரலாற்றைச் சுமக்கிற அவர்களுக்கும் சேர்த்தே நீங்கள் வைத்தியம் செய்கிறீர்கள். 

சரி, எவ்வளவு குறைய வேண்டும்? உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 30க்குச் சற்று மேல். நம் ஊர்க்காரர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. அதற்காக நேராக 56 கிலோவைக் குறிவைக்க வேண்டாம். முதல் இலக்கு 5 கிலோ, அதற்கு நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள், தினமும் வேண்டாம். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. சில மாதங்களில் எடை அப்படியே நின்றுபோகும். உடம்பு சிறுத்ததால் அதன் செலவும் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அப்போது எண்ணெய் டீஸ்பூனை மறுபடி எடுத்து அளந்து பாருங்கள், கண் அளவு திரும்ப வந்திருக்கும்.

தினமும் 30 நிமிடம் நடங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு கால் கால் மணி நேரம். அலுவலக நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், தொடைத் தசைக்கு அது போதுமான தொடக்கம்.

எச்பிஏ1சி 5.9 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 5.7 முதல் 6.4 வரை அதற்குள் வரும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, இப்படி விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் இரண்டரை வருடம் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டது. சாப்பாட்டை மாற்றி, நடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. உங்கள் தராசு முள் மெதுவாக நகர்கிற மாதங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நகராத நாளிலும் உள்ளே வேலை நடக்கிறது.

பக்கத்தில் இருக்கிற டாக்டரிடம் போய் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையை ஒருமுறை பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அந்த மூலிகை மாத்திரைக்காகத்தான் கேட்கிறேன். எடை குறைப்பு மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், கிரீன் டீ சாற்றை அதிக அளவில் சேர்த்தவையும் அதில் அடக்கம். பசியின்மை, அடர்ந்த மஞ்சள் நிறச் சிறுநீர் என்று ஏதாவது இருந்தால் நாள் கடத்தாதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: நீங்கள் ஏற்கெனவே கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், டாக்டரைக் கேட்காமல் சோற்றைப் பாதியாக்க வேண்டாம். மருந்தின் அளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டாம்.

மீதியிருக்கும் பாதி டப்பாவை முடிக்க வேண்டியதில்லை. அந்த மூலிகை மாத்திரையையும் இனித் தொடாதீர்கள், ஆனால் இரண்டின் டப்பாவையும் தூக்கிப்போட வேண்டாம். டாக்டரிடம் போகும்போது லேபிளோடு எடுத்துப்போங்கள், அதில் என்ன இருக்கிறது என்று அவர் படித்துப் பார்க்கட்டும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி திரும்பப் பாருங்கள். அந்த எண்ணையும், இடுப்பளவையும், மூன்று மாத எண்ணெய்க் கணக்கையும் எனக்கு எழுதுங்கள்.