வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டால், அதில் கிடைத்த பொருள் வழக்கில் செல்லுமா? செல்போனை வாங்கிப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டா?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் செல்லும். கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன் நான். கட்சிக்காரர்களில் பலர் "வாரண்டே காட்டல சார், கேஸ் நிக்காதுல்ல?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நிற்கும் என்று சொன்னால் வேறு வக்கீலைப் பார்க்கலாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரியும்.

அவர்கள் மனதில் இருப்பது அமெரிக்கச் சட்டம். அங்கே அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் 1791 முதல் அமலில் இருக்கிறது. உடல், வீடு, ஆவணம், உடைமை எதிலும் நியாயமில்லாத சோதனையோ பறிமுதலோ கூடாது என்கிறது அது. 1961-இல் மேப் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முறைகேடாக எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களும் ஒதுக்கித் தள்ள வேண்டும் என்றது. ஓடிடி தொடர்களில் "இந்தச் சாட்சியம் செல்லாது" என்று வக்கீல் எழுந்து நிற்பதெல்லாம் அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான்.

நம் அரசியலமைப்பில் அந்த வரி கிடையாது. மறதியால் விடுபட்டதல்ல, எழுதி வைத்துப் பிறகு எடுத்தார்கள். 1947-இல் அம்பேத்கர் எழுதிய வரைவில் அது இருந்தது, கே.எம்.முன்ஷியின் வரைவிலும் இருந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ். இன்னொருவர் நம் ஊர்க்காரர், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். ஒவ்வொரு சோதனைக்கும் வாரண்ட் வேண்டும் என்றால் போலீஸ் புலன் விசாரணையே முடங்கிவிடும் என்பது ராவின் கவலை. பிரிவு கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் சபை உறுப்பினர் காஜி சையத் கரீமுத்தீன் அதையே திருத்தமாகக் கொண்டுவந்தார். சட்டமன்றம் கை வைக்க முடியாத இடத்தில் இது இருப்பது நல்லதுதான் என்று அம்பேத்கரும் ஏற்கத் தயாரானார். அப்படியும் திருத்தம் தோற்றது. வெள்ளைக்காரப் போலீஸ் தங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவர்கள் நிறைந்த சபை அது. ஆட்சி கைக்கு வந்ததும் அதே போலீஸ் அதிகாரம் தேவைப்பட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த இல்லாத வரிக்கு விலை 1954-இலேயே தெரிந்தது. டால்மியா குழும நிறுவனம் ஒன்றின் விவகாரத்தில் நடந்த சோதனைகளை எதிர்த்து வந்த எம்.பி.சர்மா வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் அமர்வு, அமெரிக்காவில் உள்ளது போன்ற பிரிவை நம் அரசியலமைப்பைச் செய்தவர்கள் வைக்கவில்லை, வராததை நாங்கள் வலிந்து கொண்டுவர முடியாது என்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரசுத் தரப்பு இதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை, அது உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று சொல்லி, சர்மா தீர்ப்பின் அந்தப் பகுதியை ரத்து செய்தார்கள். இனி வீட்டுக்குள் நுழைய ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையானதற்கு மேல் போகக் கூடாது.

ஆக உரிமை வந்துவிட்டது. மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் ஓட்டை. 1973 டிசம்பரில், வருமான வரிச் சோதனை பற்றிய பூரன்மல் வழக்கில், சோதனை சட்டவிரோதமாகவே இருந்தாலும் கிடைத்த ஆவணம் வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2017 தீர்ப்பு அதைத் தொடவில்லை. என் கணக்கில் இது பெரிய குறை. திருடிய சாட்சியத்துக்கும் அதே மதிப்பு என்றால் விதியை மதிக்கிற இன்ஸ்பெக்டருக்கு என்ன லாபம்?

அடுத்து, வாரண்ட் இல்லாத சோதனை என்றாலே சட்டவிரோதம் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 185-ஆம் பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. சட்டத்தில் 165) புலன் விசாரணை அதிகாரிக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பதிலுக்கு அவர் செய்ய வேண்டியவை உண்டு. தாமதித்தால் பொருள் கிடைக்காது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தையும் எதைத் தேடுகிறார் என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும், சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், எழுதியதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். 103-ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியில் வசிக்கும் இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருந்து பார்க்கலாம், பறிமுதல் பட்டியலின் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும்.

நடைமுறையில் அந்தச் சாட்சி யார் தெரியுமா? பல மகஜர்களில் (பறிமுதலின்போது எழுதி சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் பதிவு) வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான். குறுக்கு விசாரணையில் "எங்கே கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேட்டால் சிலர் கூச்சமே இல்லாமல் "ஸ்டேஷனில் வைத்து" என்பார்கள். சோதனையின் குறை நமக்கு உதவுவது இங்கேதான். சாட்சியம் தானாக விலகாது, ஆனால் பொருள் உண்மையில் அங்கேதான் எடுக்கப்பட்டதா என்ற சந்தேகம் கிளம்பும். காலையில் நடந்ததாக எழுதிய சோதனைக்கு வீடியோ மாலை நேரத்தைக் காட்டினால் அரசு வக்கீல் திணறுவார்.

உண்மையிலேயே பல் இருக்கும் இடம் ஒன்று உண்டு: போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் உடம்பிலிருந்து எடுத்த கஞ்சாவை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கையில் இருந்த பைக்கு இது பொருந்தாது என்று 2005-இல் இன்னொரு தீர்ப்பு வந்து பாதிப் பல்லைப் பிடுங்கிவிட்டது.

செல்போனுக்கு வருகிறேன். வழக்கு ஒன்றில் போனைச் சாட்சியமாகப் பறிமுதல் செய்யலாம், பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவில் எழுத்து மூலம் ஒப்படைக்கவும் சொல்லலாம். வழக்கே இல்லாமல் வண்டிச் சோதனையில் நிறுத்தி "வாட்ஸ்அப்பைத் திற" என்பதற்கு எந்தப் பிரிவும் கிடையாது. போனுக்குள் தேட வாரண்ட் வேண்டும், அவசரம் என்றால் காரணத்தை எழுதிவிட்டுத் தேடலாம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. ஒட்டுக்கேட்பு விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் இன்னும் ஒரு படி மேலே போனது. விதியை மீறிப் பதிவு செய்த உரையாடலை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி, ஒட்டுக்கேட்க அனுமதித்த உத்தரவையே ரத்து செய்தது. பூரன்மல் தீர்ப்பின் பிடி இங்கேயாவது தளர்கிறது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

உங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலை மறிக்காதீர்கள், அதற்குத் தனி வழக்குப் போடுவார்கள். எந்த வழக்கு எண் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும். மகஜரில் கையெழுத்து கேட்டால் வாசித்துப் பார்த்துவிட்டு நேரத்தை உங்கள் கைப்படவே எழுதுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். போன் எடுத்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மகஜரில் வர வேண்டும். மறுநாளே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 185-இன் கீழ் அனுப்பிய பதிவின் நகலைக் கேட்டு மனுப் போடுங்கள், அது இலவசம். அனுப்பவே இல்லை என்று தெரிந்தால் அந்தத் தகவலும் உங்கள் வக்கீலுக்கு வேண்டும்.